பதில் தெரிந்தவர்

பதில் தெரிந்துவிட்டால் அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். உதடு மூடியே இருக்கும். கன்னம் மட்டும் லேசாக மேலே ஏறும். அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிடும். சாருக்குத் தெரியும், சொல்லமாட்டார்.

டில்லியில் ஓக்லா பக்கம் ஒரு சின்ன கம்பெனி. ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். செய்ததை வெளியே அனுப்புமுன் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்கும் டீம் ஒன்று இருந்தது. அதற்கு அவர் தலைவர், நான் அதில் ஒருத்தி. நான் திண்டுக்கல்லிலிருந்து கல்யாணமாகி டில்லிக்கு வந்தவள். அவர் டில்லியிலேயே பிறந்தவர். புசா ரோடு பக்கம் படித்தவர். பேசினால் தஞ்சாவூர் வீட்டுத் தமிழ் வரும், நடுநடுவே இந்தி அச்சாவும் ஜல்தியும் வந்து விழும்.

கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். குரலை உயர்த்த மாட்டார். யாருக்குப் பிறந்தநாள் என்பது அவருக்கு நினைவிருக்கும். கீழே டீக்கடைக்குப் போனால் எல்லோருக்கும் அவர்தான் காசு கொடுப்பார். வயதில் மூத்தவர்களைப் பெயரோடு ‘ஜீ’ சேர்த்துத்தான் கூப்பிடுவார். சின்னப் பெண்களைக்கூட ‘நீங்க’ என்றுதான் சொல்வார்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தது இது. எங்கள் மாடியில் பெண்களுக்கான கழிப்பறை பூட்டியே இருக்கும். சாவி எங்கே என்று யாரைக் கேட்பது? எனக்கு அப்போது இந்தி சுத்தமாக வராது. தமிழ் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கூச்சத்தை விட்டு அவரிடம் போய்க் கேட்டேன்.

நாற்காலி பின்னுக்குப் போனது. “எங்க இருக்கும்னு நெனைக்கறேள்?” என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் வாசலில் செக்யூரிட்டியிடம் கேட்டேன், அவனுக்கு என் ஜாடை புரியவில்லை. மேல் மாடிக்குப் போனேன், அங்கேயும் பூட்டு. கடைசியில் பெருக்க வந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, என்னைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, சாரின் தலைக்கு நேர் பின்னால் சுவரில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

“இனிமே இந்த ஜென்மத்துல மறக்கமாட்டேள் பாருங்கோ” என்றார் அவர்.

அது உண்மைதான், மறக்கவில்லை. அன்று அதை வீட்டில் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். என் கணவர் சிரிக்கவில்லை. “கையை நீட்டினா சாவி. அதைக் கொடுக்க என்ன வந்துச்சு அந்தாளுக்கு?” என்றார். “அது ஒரு மாதிரியான பயிற்சிங்க, தானா கத்துக்கணும்னு நினைக்கிறார்” என்று நான்தான் பரிந்து பேசினேன். டீமில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவரிடம் வேலை கற்றவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று ஒரு பேச்சு இருந்தது.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். நின்றாலும் பொத்தானில் விளக்கு மட்டும் எரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்துக்கொண்டே நிற்பார்கள். சார் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் சாய்ந்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை ஒரு பெரியவர் கனமான பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் “லிஃப்ட் கராப் ஹை அங்கிள்” என்று, அது கெட்டுக் கிடப்பதைச் சொன்னதும், சார் மிச்ச டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டு மேலே போய்விட்டார். சினிமா பாதியில் நின்றுபோனால் எழுந்து போவார்களே, அப்படி.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது தன் சின்ன வயதைப் பற்றிச் சொன்னார். அவருக்கு ஏழெட்டு வயதிருக்குமாம். அவருடைய அப்பா அவரை கரோல் பாக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய், கூட்டத்தில் கையை உதறிவிட்டு மறைந்துவிட்டாராம்.

“அழுதேன் அழுதேன், அப்படி அழுதேன். யார் யாரோ வந்து பேர் கேக்கறா. எனக்கு வாயே வரலை. அப்புறம் ஒரு வழியா பஸ் போற ரோட்டைக் கண்டுபிடிச்சு, அதைப் பிடிச்சுண்டே நடந்து ஆத்துக்கு வந்துட்டேன். திரும்பிப் பார்த்தா பின்னாடியே அப்பா வரார்! ஒரு துணிக்கடைக்குள்ள நின்னுண்டு நான் அழுத பூரா நேரமும் என்னைப் பார்த்துண்டே இருந்திருக்கார். என்ன ஒரு பாடம், இல்ல?”

சொல்லிவிட்டு எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். டப்பாவிலிருந்த தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டார்.

அந்த அப்பாவை நான் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜினி நகர் மார்க்கெட்டில் நானும் என் கணவரும் ஸ்வெட்டர் பார்த்துக்கொண்டிருந்தோம். சார் எதிரே வந்தார். வீடு பக்கத்தில்தான், வந்து காபி சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று விடாப்பிடியாக அழைத்துப் போனார்.

உள்ளே பெரியவர் கூடத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். செய்தித்தாளை உதறினார். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்தார். நாங்கள் வணக்கம் சொன்னது அவர் காதில் விழவில்லை. காது கேட்கும் மெஷினைத்தான் தேடுகிறார் என்று புரிந்தது. அது ஃப்ரிஜ் மேலே, பழக்கூடைக்குப் பக்கத்தில் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

நான் கையைத் தூக்குவதற்குள் சார், “சொல்லாதீங்கோ” என்றார். “கார்த்தாலேர்ந்து தேடறார். இந்த வயசுல மூளைக்கு வேலை குடுத்துண்டே இருக்கணும்.” பிறகு குரலை உயர்த்தி, “அப்பா! யோசிங்கோ! கடைசியா எங்க வெச்சேள்?” என்றார். பெரியவருக்கு மகனின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவர் இன்னும் வேகமாகத் தலையணை உறையைக் கழற்ற ஆரம்பித்தார். காபி கொண்டுவந்த சாரின் மனைவி ஃப்ரிஜ் இருந்த திசையைப் பார்க்காமலே உள்ளே திரும்பிப் போனார்.

என் கணவர் எழுந்தார். நேரே போய் மெஷினை எடுத்துப் பெரியவர் கையில் வைத்தார். வந்து உட்கார்ந்து காபியைக் குடித்தார்.

பெரியவர் அதைக் காதில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு எங்களைப் பார்த்து, “என் பையன் ரொம்பக் கெட்டிக்காரன். சின்ன வயசிலேர்ந்தே நான் அப்படித்தான் வளர்த்தேன்” என்றார். அதைச் சொல்லும்போது மகனை ஒரு பார்வை பார்த்தார். பெருமைப் பார்வைதான், ஆனால் அடிக்குப் பயந்த பையன் வாத்தியாரைப் பார்ப்பதுபோலவும் இருந்தது.

படியிறங்கும்போது என் கணவர், “இனிமே இந்த வீட்டுக்கு வரமாட்டேன்” என்றார்.

ஜெபராஜ் எங்கள் டீமில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

திருநெல்வேலிக்காரர். நாற்பதைத் தாண்டியவர், சாரைவிட மூத்தவர். அவர் மனைவி ஸ்டெல்லா டில்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மனைவிக்கு இங்கே வேலை கிடைத்ததும் இவர் ஊரில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்துவிட்டார். முனிர்காவில் சின்ன வீடு. நெடுநாள் வேலை கிடைக்கவில்லை. சமைத்து, துணி துவைத்து, மனைவியை டியூட்டிக்கு அனுப்பிவிட்டு, மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றைப் புதிதாகப் படித்து எங்கள் கம்பெனிக்குள் நுழைந்தார். ஆறு மாதம் ப்ரொபேஷன். அதற்குப் பிறகுதான் நிரந்தரம். முதல் நாள் சட்டையை இஸ்திரி போட்டு, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, ஸ்டெல்லா கட்டிக் கொடுத்த புளியோதரையை எல்லோருக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்.

“ரொம்ப வருசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான், தங்கச்சி, எம் பொண்டாட்டி எனக்குச் சோறு கட்டித் தந்துருக்கா. இத்தன நாளா நாந்தான் அவளுக்குக் கட்டிக் கொடுத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். வெட்கமில்லாமல், சந்தோஷமாகச் சொன்னார்.

அவருக்கு வந்த சங்கடம் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கான வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அதைத்தான் போர்ட் என்பார்கள். வெளியிலிருந்து பேச வருகிறவர்களுக்காக ஒரு புரோகிராம் ஏதாவது ஒரு வாசலில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வாசலில் ஒருவர்தான் உட்காரமுடியும். இன்னொருவர் வந்தால், ‘இடம் பிடிக்கப்பட்டுவிட்டது’ என்று கம்ப்யூட்டர் துரத்திவிடும். எங்கள் டெஸ்டுகள் எல்லாம் பொதுவான ஒரே மெஷினில் ஓடும். எங்கள் எல்லோருக்கும் சார் ஆளுக்குச் சில எண்களை ஒதுக்கித் தந்திருந்தார். ஜெபராஜுக்கு மட்டும் தரவில்லை. எந்த வாசல் காலி என்று பார்த்து, அதில் போய் உட்காரும்படிதான் ஜெபராஜின் டெஸ்ட் எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியது அவருக்கு முன்னால் இருந்தவன்.

பத்து முறை ஓடினால் ஒன்பது முறை ஒழுங்காக ஓடும். திடீரென்று ஒருமுறை தோற்று, திரையில் சிவப்பு எழுத்து வந்து விழும். இடம் பிடிக்கப்பட்டுவிட்டது. யார் பிடித்தது என்று ஜெபராஜ் உடனே போய்ப் பார்ப்பார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். மறுபடி ஓட்டினால் ஓடும்.

முதல் வாரத்திலேயே சாரிடம் போனார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“சார், அங்க யாரோ உக்காந்துருக்கான். நான் பாக்கப் போனா எந்திச்சுப் போயிருதான்.”

நாற்காலி பின்னுக்குப் போனது. கைகள் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டன.

“யாரு?” என்றார் சார்.

“அதாம் சார் தெரியல.”

“காலியா இருக்கான்னு பார்த்துட்டுத்தானே உக்கார்றேள்?”

“பாத்துட்டுத்தான் சார். காலின்னுதான் சொல்லுது. உக்காரப் போனா இல்லங்குது.”

“இன்ட்ரஸ்டிங்” என்றார் சார். “கண்டுபிடிங்கோ, ஜெபா ஜீ.”

“மத்தவங்களுக்குக் குடுத்த மாதிரி எனக்கும் ஒரு நம்பர் ஒதுக்கித் தந்துட்டீங்கன்னா…”

“குடுத்தா பிரச்சினை மறையும். தீராது. நீங்க தீர்க்கணும். அதுதானே வேலை?”

அந்தப் பதிலில் தப்புச் சொல்ல முடியாது. நான்கூடத் தலையாட்டினேன்.

ஜெபராஜ் தேடினார். தன் டெஸ்டை வரி வரியாகப் படித்தார். பிரிண்ட் எடுத்து மெட்ரோவில் படித்தார். மற்றவர்களின் டெஸ்ட் ஏதாவது அந்த வாசலுக்கு வருகிறதா என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். நானும் அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். என் கண்முன்னால் ஓட்டும்போதெல்லாம் அது பச்சையாகவே இருந்தது. நான் எழுந்து போனதும் விழுந்தது. என் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால், கையை விரித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தினமும் காலை பத்து மணிக்கு எல்லோரும் நின்றபடியே பேசும் ஒரு கூட்டம் உண்டு. அவரவர் நேற்று என்ன செய்தோம் என்று சொல்லவேண்டும். ஜெபராஜின் முறை வரும்போதெல்லாம் சார் மிக மரியாதையாக, “ஜெபா ஜீ, ஆள் கிடைச்சுதா?” என்பார். இல்லை என்பார் ஜெபராஜ். “யாரோ இருக்கான் சார், நிச்சயமா இருக்கான்” என்பார். ரோஹித் என்று ஒரு பையன் எங்களோடு இருந்தான். அவன் ஒருநாள், “பூத் ஹோகா” என்றான். பேயாக இருக்கும் என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் ‘பூத்வாலா’. கேன்டீனில் அவர் உட்காரப் போகும் நாற்காலியைக் காட்டி, “பார்த்து உட்காருங்க, அங்க யாரோ இருக்கான்” என்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

மூன்றாவது மாதத்தில் அவர் சிரிப்பது நின்றுபோனது. சட்டை கசங்கியிருந்தது. ஓடி முடித்த டெஸ்டைக்கூட நம்பாமல் திரும்பத் திரும்ப ஓட்டினார். மேசை இழுப்பறையைப் பூட்டிவிட்டு, போய், பாதியில் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தார். ஒருநாள் மெதுவாக என்னிடம், “தங்கச்சி, நெசமாச் சொல்லு. அந்தச் செவப்பு எழுத்து உனக்கும் தெரியுதா?” என்று கேட்டார்.

நான் சாரிடம் போனேன். “சார், அவருக்கு உடம்புக்கு ஆகாமப் போயிரும் போல இருக்கு. உங்களுக்குக் காரணம் தெரிஞ்சா சொல்லிருங்க” என்றேன்.

“நெருங்கிட்டார்” என்றார் சார். கண்ணில் அப்படி ஒரு ஒளி. “இன்னும் ரெண்டே அடி. இப்போ போய் சொன்னா எவ்வளவு வேஸ்ட்.”

ப்ரொபேஷன் முடிந்தபோது ஜெபராஜை நிரந்தரமாக்கவில்லை. நேர்மையானவர், கடுமையாக உழைப்பவர், ஆனால் ஒரு தவறின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் திறமை போதாது என்று சார் சொல்லிவிட்டாராம். அதை ஜெபராஜே என்னிடம் சொன்னார். “சரியாத்தான சொல்லியிருக்காவ” என்றார்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மதியம் மீட்டிங் ரூமில் சமோசாவும் குலாப் ஜாமூனும் வைத்து ஒரு பிரிவு உபசாரம். சார்தான் ஏற்பாடு. ஜெபராஜைப் பற்றி இந்தியில் நாலு நல்ல வார்த்தை சொன்னார். அப்புறம், “ஜெபா ஜீயை வெறுங்கையோட அனுப்பக்கூடாது” என்று சொல்லி எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனார்.

இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். பலகையில் ஒரு வாசலை வரைந்தார். காலியா என்று பார்ப்பதற்கும் போய் உட்காருவதற்கும் நடுவே ஒரு கண் சிமிட்டும் நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடலாம். ஆகவே, பார்த்துவிட்டு உட்காருவது என்ற முறையே தப்பு. எண்ணைச் சொல்லாமல், ‘ஏதாவது ஒரு வாசல் கொடு’ என்று மெஷினிடமே கேட்கவேண்டும். அது தானாகவே காலியான ஒன்றைக் கொடுத்து, அப்போதே உட்காரவும் வைத்துவிடும். உட்கார்ந்த பிறகு எந்த எண் என்று மற்றவர்களுக்குச் சொன்னால் போதும். இடையில் யாரும் நுழைய முடியாது.

“சரி, அந்த யாரோ யார்?” என்று எங்களைப் பார்த்தார். “நான்தான்! ரொம்ப நாள் முன்னாடி ஒரு புரோகிராம் போட்டு வெச்சேன். எந்தெந்த வாசல் காலின்னு கணக்கு எடுக்கறதுக்கு. அது ஒவ்வொரு வாசலா போய் ஒரு செகண்ட் உக்காந்து பார்த்துட்டு எழுந்துடும். உங்களுக்கெல்லாம் குடுத்த நம்பர் பக்கம் அது வராது. ஜெபா ஜீ இருக்கற ஏரியாவுக்கு மட்டும் வரும்.”

ரோஹித் கையிலிருந்த சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டுக் கீழே பார்த்தான்.

ஜெபராஜ் மெதுவாகக் கேட்டார். “ஒங்களுக்கு எப்பம் தெரியும் சார்?”

“நீங்க வந்து முதல்ல கேட்டேளே, அன்னிக்கே.”

“அப்ப அங்க ஆள் இருந்தது நெசந்தானா?”

“நூத்துக்கு நூறு. நீங்க சொன்னதுதான் கரெக்ட், ஜெபா ஜீ.”

ஜெபராஜின் முகம் மலர்ந்தது. அழுவார், அல்லது அடிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் எழுந்து போய் சாரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கி, “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றார். சாரின் முகத்திலும் அப்படி ஒரு நிறைவு.

மெட்ரோ ஸ்டேஷன் வரை நானும் கூடவே நடந்தேன். வழியிலேயே ஸ்டெல்லாவுக்கு போன் போட்டார்.

“ஏட்டி, எனக்கு ஒண்ணும் இல்லட்டி! அங்க நெசமாவே ஆள் இருந்துருக்கு. இப்பம் சார் சொல்லிட்டாவ. எல்லாரும் இருக்கையிலயே சொன்னாவ. கிறுக்கு கிறுக்குன்னு மனசுக்குள்ள பயந்துக்கிட்டே கெடந்தோம்லா? ஒண்ணும் இல்ல. மாத்திரையெல்லாம் தூரப் போடு.” மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். “வேலையா? அது போயிட்டு. அது கெடக்கட்டும்.”

போனை வைத்துவிட்டு, அவர் எந்த மாத்திரை என்று என்னிடம் விளக்கினார். ஸ்டெல்லா அவரைத் தன் ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாள். உடன் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நின்றாளாம்.

ஸ்டேஷன் படியில் ஏறும்போதுதான் அவர் நின்றார். நாலைந்து பேர் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

“மொத வாரமேவா தங்கச்சி தெரியும்ன்னாவ?”

நான் தலையசைத்தேன்.

அவர் படியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டார். “மூணாவது மாசம் அவ என்னயப் பாத்துச் சிரிச்சா. அங்க யாருமே இல்ல, சும்மா சொல்லுதியன்னு சிரிச்சா. அடிச்சிட்டேன். கல்யாணமாயி இத்தன வருசத்துல ஒரு தடவகூட அவ மேல கை வச்சதில்ல. கன்னம் வீங்கிப்போயி டியூட்டிக்குப் போனா. கதவுல இடிச்சிட்டுன்னு எல்லார்ட்டயும் சொல்லிருக்கா.”

பிறகு எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கார்டைக் காட்டி உள்ளே போனார். அடுத்த வருடமே இருவரும் ஊருக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஜெபராஜின் இடத்துக்குக் கான்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிரியங்கா என்று பெயர். அவளுக்கும் சார் எண் ஒதுக்கவில்லை. ஜெபராஜின் அதே பழைய டெஸ்டைத் திருத்தாமல் அப்படியே அவள் கையில் கொடுத்திருந்தார். அந்தப் புரோகிராமையும் நிறுத்தவில்லை; நான் போய்ப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் காலையிலேயே அவளைக் கீழே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், கண் சிமிட்டும் நேரம், மெஷினிடம் எப்படிக் கேட்பது, யாருடைய புரோகிராம் என்பது வரை சொன்னேன். மதியத்துக்குள் அவள் டெஸ்டைத் திருத்திவிட்டாள். அதற்குப் பிறகு அது ஒருமுறைகூட விழவில்லை.

சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படுவார் என்று தயாராகத்தான் போனேன். வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றுகூட முடிவு செய்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. மேசைமேல் கைகளை வைத்துக்கொண்டு, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“நீங்கதான் சொன்னேளா?”

“ஆமா சார்.”

“ஏன் மல்லிகா?”

“அவ கஷ்டப்பட வேண்டாம்னுதான்.”

“என்ன பண்ணியிருக்கேள்னு உங்களுக்குத் தெரியலை” என்றார். “ஒருநாள் அந்தப் பொண்ணு ஓடி வந்து, சார், கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லியிருப்பா. அப்போ அவ முகம் எப்படி இருந்திருக்கும்! ஆயுசுக்கும் அவளுக்கு அது இருந்திருக்கும். அதைப் பிடுங்கிட்டேளே.”

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் நடிக்கவில்லை. எத்தனையோ வருடம் அவரைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும். அவர் உண்மையாகவே அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டார்.

“அன்னைக்கு நீங்க காரணத்தைச் சொன்னப்போ ஜெபராஜ் முகத்தைப் பார்த்தீங்களா சார்?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

“அவர்தான் கண்டுபிடிக்கவே இல்லையே” என்றார்.